தொழிலைத் தேர்ந்தெடுப்பதும் ஓர் அமானிதமே

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வின் திருப்பெயரால்...

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்து இந்த உரையைத் தொடங்குகிறேன்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! பிளஸ் டூ முடிவுகள் வந்து, கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் காலம் இது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "எனக்குப் பிடிச்சதைத்தான் படிப்பேன்" என்கிறான் பிள்ளை. "உனக்குப் பிடிச்சது சோறு போடுமா?" என்கிறார் அத்தா. "நாலு பேருக்கு உபகாரமா இருக்கிற படிப்பா பாரு" என்கிறார் நன்னா. கடைசியில் ஹஜ்ரத்திடம் வந்து, "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்கிறார்கள்.

பிள்ளையின் விருப்பத்தைப் பார்ப்பதா, மக்களின் தேவையைப் பார்ப்பதா? மார்க்கம் இந்த இரண்டில் ஒன்றை எடுத்து மற்றொன்றைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. இரண்டும் சேரும் இடத்தைத் தேடச் சொல்கிறது. அந்த இடத்தை எப்படித் தேடுவது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

திறமை அல்லாஹ் வைத்த குறிப்பு

அல்லாஹ் எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் இயல்புப்படியே செயல்படுகிறார்கள் என்பது பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 84வது வசனம் தரும் கருத்து. யார் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது அவருக்கு எளிதாக்கப்படும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. அந்த ஹதீஸ் விதியைப் பற்றிய பேச்சில் வந்தது. ஆனாலும் உலகக் காரியங்களிலும் இந்த உண்மையை நாம் கண்ணால் பார்க்கிறோம். ஒரு பிள்ளைக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. இன்னொரு பிள்ளை பழுதான மிக்ஸியைப் பிரித்து மாட்டிவிடும், கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் தூங்கிவிடும். இரண்டுமே அல்லாஹ் கொடுத்ததுதான்.

நபிமார்களின் வாழ்க்கையிலும் இதைக் காண்கிறோம். தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை இளக்கிக் கொடுத்தான். அவர்கள் அதைக் கொண்டு போர்க் கவசம் செய்தார்கள். மக்களை ஆபத்திலிருந்து காக்கவே அந்தத் தொழிலைக் கற்றுக் கொடுத்ததாக அன்பியா அத்தியாயத்தின் 80வது வசனம் உணர்த்துகிறது. கைத்திறனைக் கொடுத்த அல்லாஹ், அது யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டான்.

ஜைது பின் தாபித் (ரளி) அவர்களின் பாதை

இந்தத் தலைப்புக்கு ஸஹாபாக்களில் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நான் ஜைது பின் தாபித் (ரளி) அவர்களைச் சொல்வேன். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அவர்களுக்கு வயது ஏறத்தாழ பதினொன்று. பத்ருப் போருக்குப் போக ஆசைப்பட்டு வந்தார்கள். சிறுவர் என்பதால் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒரு பிள்ளையின் மனம் எவ்வளவு உடைந்திருக்கும்!

ஆனால் அந்தச் சிறுவரிடம் வேறொரு செல்வம் இருந்தது. கூர்மையான நினைவாற்றல். அதற்குள்ளாகவே குர்ஆனின் பல அத்தியாயங்களை மனனம் செய்திருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். யூதர்களுடன் நடந்த கடிதப் போக்குவரத்துக்கு நம்பிக்கையான ஆள் தேவைப்பட்ட நேரம் அது. அவர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி ஜைதுக்குச் சொன்னார்கள். அரை மாதத்துக்குள் கற்றுக்கொண்டதாக அவர்களே சொன்னது திர்மிதியில் பதிவாகியிருக்கிறது.

பிறகு யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் ஷஹீதானபோது, குர்ஆனை ஒன்று திரட்டும் பொறுப்பை அபூபக்ர் (ரளி) அவர்கள் இவரிடம்தான் ஒப்படைத்தார்கள். ஒரு மலையை நகர்த்தச் சொல்லியிருந்தால்கூட இதைவிடப் பாரமாக இருந்திருக்காது என்று ஜைது (ரளி) அவர்கள் உணர்ந்தார்கள். இது புகாரியில் வரும் செய்தி.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன. ஆசைப்பட்ட முதல் வாசல் திறக்கவில்லை. ஆனால் இயல்பான திறமையைப் பெரியவர்கள் கண்டுபிடித்து, சமுதாயத் தேவையோடு இணைத்தார்கள். பொருத்தமான வேலையாகவே இருந்தும் அது இலேசாக இருக்கவில்லை. "பிடித்த வேலை என்றால் கஷ்டமே தெரியாது" என்று இன்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்களே, அது சரியல்ல. பிடித்த வேலையிலும் மலை போன்ற பாரம் உண்டு. அதைச் சுமக்கும் மனதைத்தான் விருப்பம் தருகிறது.

கனவு கண்டவர் ஒருவர், பாங்கு சொன்னவர் ஒருவர்

பாங்கின் வாசகங்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் பின் ஜைது (ரளி). ஆனால் நபி (ஸல்) அவர்கள், அதை பிலாலுக்குச் சொல்லிக் கொடுங்கள், அவருடைய குரல் உங்களுடையதைவிட நன்றாக இருக்கிறது என்ற கருத்தில் கூறினார்கள். கனவு ஒருவருக்கு, பொறுப்பு இன்னொருவருக்கு. அப்துல்லாஹ் (ரளி) அவர்கள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாசகமாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அபூதர் (ரளி) அவர்கள் எவ்வளவு பெரிய ஸஹாபி! அவர்கள் ஒரு பதவி கேட்டபோது, அது ஓர் அமானிதம், நீங்களோ அதற்குப் பலவீனமானவர் என்று நபி (ஸல்) அவர்கள் அன்போடு மறுத்ததை முஸ்லிமில் பார்க்கிறோம். ஈமானில் குறை என்று சொல்லவில்லை. அந்த வேலைக்குரிய திறன் வேறு என்றார்கள். ஆகவே ஆசை மட்டும் தகுதியாகிவிடாது. "எனக்கு ரொம்ப ஆசை" என்று சொல்லும் பிள்ளையிடம், "அதில் நீ எவ்வளவு உழைத்துப் பார்த்திருக்கிறாய்?" என்று கேளுங்கள். செல்போனில் பார்த்து வரும் மோகம் ஆறு மாதத்தில் போய்விடும். சலிப்பான பகுதியையும் பொறுத்துக்கொண்டு தொடர்ந்தால்தான் அது உண்மையான விருப்பம்.

ஊரின் தேவை: ஃபர்ளு கிஃபாயா

இப்போது அடுத்த பக்கத்துக்கு வருவோம். ஜனாஸா தொழுகை ஃபர்ளு கிஃபாயா என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சிலர் நிறைவேற்றினால் எல்லோருடைய கடமையும் நீங்கும். ஒருவருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். இந்தச் சட்டம் ஜனாஸாவோடு நிற்கவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் கல்வியைப் பற்றிய பகுதியில், மருத்துவமும் கணக்கும் ஃபர்ளு கிஃபாயா என்கிறார்கள். அதோடு விடவில்லை. விவசாயம், நெசவு, தையல், இரத்தம் குத்தி எடுக்கும் ஹிஜாமா வரை அந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அந்த ஆட்கள் இல்லாத ஊர் அழிவுக்கு ஆளாகும் என்பது அவர்களின் வாதம். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது இது.

அதே இடத்தில் தம் காலத்து மாணவர்களைக் கண்டித்தும் எழுதுகிறார்கள். பல ஊர்களில் முஸ்லிம்களில் மருத்துவம் கற்க ஆளில்லை, ஆனால் சட்ட விவாதம் படிக்க மட்டும் கூட்டம் அலைமோதுகிறது. காரணம் என்ன? மருத்துவம் படித்தால் வக்ஃபு நிர்வாகமோ, நீதிபதி பதவியோ, எத்தீம்களின் சொத்தைப் பராமரிக்கும் பொறுப்போ கிடைக்காதே! கூட்டம் போகும் பக்கம் போவதும், பணமும் பதவியும் உள்ள பக்கம் சாய்வதும் இன்றைக்கு வந்த நோய் அல்ல என்று தெரிகிறது.

நம் மஹல்லாவை நினைத்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்கிறோம். நம் பெண் பிள்ளைகளில் எத்தனை பேரை அந்தப் பக்கம் அனுப்பினோம்? வக்ஃபு நிலத்துக்கு வழக்கு என்றால் வக்கீலைத் தேடி ஓடுகிறோம். வக்ஃபுச் சட்டம் படித்த இளைஞர் நம் ஜமாஅத்தில் உண்டா? கணக்குத் தணிக்கை தெரிந்தவர், மனநலம் பார்ப்பவர், அரசுப் பள்ளியில் பாடம் நடத்துபவர், நேர்மையான எலக்ட்ரீஷியன், பிளம்பர் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்க்க வேண்டும். எலக்ட்ரீஷியன் எர்த் சரியாகக் கொடுத்தால் ஓர் உயிர் காப்பாற்றப்படுகிறது. சமுதாய சேவை என்பது பெரிய படிப்பு படித்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

இரண்டும் சேரும் இடம்

யூசுஃப் (அலை) அவர்கள் சிறையிலிருந்து வெளியே வந்ததும் அரசரிடம் கேட்ட பொறுப்பு, களஞ்சியங்களின் பொறுப்பு. ஏழாண்டுப் பஞ்சம் வரப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். காக்கும் திறனும் அறிவும் தம்மிடம் இருப்பதும் தெரியும். அந்த இரண்டு தகுதிகளையும் எடுத்துச் சொல்லித்தான் கேட்டார்கள். நாட்டின் தேவையும் தம்முடைய திறமையும் சந்திக்கும் இடத்தில் போய் நின்றார்கள்.

நம் மண்ணிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் கிடக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முந்தையது, 18 மீட்டர் நீளம். 1940ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி உலகுக்குத் தெரிவித்தார். காரைப் பக்கம் போனால் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் இதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்தான் இன்று அரியலூரைச் சிமெண்ட் ஊராக்கியிருக்கிறது.

நம் பகுதிச் சிறுவன் ஒருவன் இந்தக் கல்லையெல்லாம் பொறுக்கி வந்து வீட்டில் அடுக்கினால், "குப்பையை வெளியே போடு" என்கிறோம். பூமியில் பயணம் செய்து, படைப்பு எப்படித் தொடங்கியது என்று பார்க்கும்படி அன்கபூத் அத்தியாயத்தின் 20வது வசனத்தில் அல்லாஹ் தூண்டுகிறான். அந்தப் பிள்ளையைப் புவியியல் படிக்க வைத்தால் என்ன? மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போடும் நம் விவசாயி, கடன் வாங்கி போர் போட்டுத் தண்ணீர் வராமல் தவிக்கிறார். பாறை தெரிந்தவனுக்கே நிலத்தடி நீரின் போக்கு புரியும். சுரங்கம் தோண்டிய பள்ளத்தை என்ன செய்வது என்பதையும் அவனால் சொல்ல முடியும். சிறுவனின் கல் ஆசையும் ஊரின் தண்ணீர்த் தேவையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. கொஞ்சம் யோசித்தால் பெரும்பாலான ஆசைகளுக்கு இப்படி ஒரு பாலம் கிடைக்கும்.

ஆசைப்பட்ட வாசல் அடைபட்டால்

விரும்பிய இடம் கிடைக்காத பிள்ளைகள் இந்த மாதங்களில் எவ்வளவு உடைந்து போகிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியும். அவர்களுக்காக இரண்டு பேரைச் சொல்கிறேன்.

டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் நமக்குப் பக்கத்துத் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து 1954ல் பட்டம் பெற்றவர். படித்து முடிக்கும் நேரத்தில்தான், தமக்குரிய துறை இது அல்ல, விமானப் பொறியியல் என்பது அவருக்குப் புரிந்தது. சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லை. அவருடைய அக்கா ஜொஹரா தம் நகையை அடகு வைத்துக் கொடுத்தார். விமானியாக வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் எடுத்தது எட்டுப் பேரை. அவர் ஒன்பதாவது. மனம் உடைந்தவர், பாதுகாப்பு அமைச்சகத்தின் விமானத் தொழில்நுட்பப் பிரிவில் 1958ல் வேலைக்குச் சேர்ந்தார். அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்தது.

எல்லோரும் அவருடைய ராக்கெட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. ஹைதராபாத் மருத்துவமனை ஒன்றில் போலியோ பாதித்த பிள்ளைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள கருவியைக் காலில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தார்கள். ஏவுகணைக்காக உருவான இலேசான பொருளைக் கொண்டு, அந்தக் கருவியைச் சில நூறு கிராம் எடைக்குக் கொண்டு வந்தார்கள் அவரும் அவருடைய குழுவினரும். பிள்ளைகள் ஓடினார்கள். அதைப் பார்த்த மகிழ்ச்சியைப் பேரானந்தம் என்று அவர் பல மேடைகளில் பேசியிருக்கிறார். கற்ற வித்தை ஓர் ஏழைப் பிள்ளையின் காலுக்கு வந்து சேர்ந்ததே, அதுதான் அதன் பரக்கத்.

இன்னொருவர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்றுதான் மருத்துவம் படிக்கப் போனார். முப்பது வயதளவில் முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவம் அவருக்கு முடியாமல் போயிற்று. மனிதர் கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிய விரல்களால் அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தம்மைத்தாமே பழக்கிக்கொண்டார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். பணி ஓய்வு பெற்ற பிறகு 1976ல், வெறும் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அந்த மருத்துவமனை. பணம் இல்லாதவருக்கும் அங்கே பார்வை கிடைக்கிறது.

பிள்ளைகளே! நீங்கள் வெறுக்கும் ஒன்று உங்களுக்கு நன்மையாக இருக்கலாம், விரும்பும் ஒன்று தீமையாக இருக்கலாம், அல்லாஹ்வே அறிந்தவன் என்ற கருத்தை பகரா அத்தியாயத்தின் 216வது வசனத்தில் ஓதுகிறோம். ஒரு தேர்வு தோற்றால் ஒரு வாசல்தான் அடைபட்டது. உங்கள் உயிரும் உங்கள் ரிஸ்கும் அந்தத் தேர்வுத் தாளில் எழுதப்படவில்லை. பெற்றோர்களே, அந்த நேரத்தில் "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

குடும்பத்துக்காகச் சம்பாதிப்பவர்

லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற நம் ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குப் படிக்க ஆசை இருந்தது. தங்கைகளின் நிக்காஹ், அத்தாவின் கடன் என்று பதினெட்டு, இருபது வயதில் விமானம் ஏறினார்கள். "நான் எனக்குப் பிடித்ததையும் செய்யவில்லை, சமுதாயத்துக்கும் ஒன்றும் செய்யவில்லை" என்று அவர்களில் சிலர் மனம் நோகலாம்.

அவர்களுக்கு ஒரு ஹதீஸ். சுறுசுறுப்பாகப் போன ஒருவரைப் பார்த்து, இவருடைய உழைப்பு அல்லாஹ்வின் பாதையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார்கள் ஸஹாபாக்கள். சிறு பிள்ளைகளுக்காகவோ, முதிய பெற்றோருக்காகவோ, பிறரிடம் கையேந்தாமல் இருக்கவோ அவர் புறப்பட்டிருந்தால் அதுவும் அல்லாஹ்வின் பாதைதான், பெருமைக்காகப் புறப்பட்டிருந்தால் அது ஷைத்தானின் பாதை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். தப்ரானியில் வரும் இந்தச் செய்தி, குடும்பத்தைச் சுமப்பவரின் கண்ணீரைத் துடைக்கிறது.

ஆனால் ஒன்று. மூத்தவன் தன் ஆசையை விட்டுக்கொடுத்தான் என்றால், அந்தப் பணத்தில் இளையவன் படிப்பதாவது பொருளுள்ளதாக இருக்க வேண்டும். மூத்தவனின் உழைப்பை மாடி மேல் மாடியாகவும் நிக்காஹ் ஆடம்பரமாகவும் செலவழித்துவிட்டு, அடுத்தவனையும் அதே விமானத்தில் ஏற்றுவது நியாயமா?

பெண் பிள்ளைகளும் மதரஸா பிள்ளைகளும்

உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஃபாத்திமா பீவி அவர்கள். கேரளத்தின் பத்தனம்திட்டாவில் பிறந்தவர், பின்னாளில் நம் தமிழ்நாட்டின் ஆளுநர். அவர் வேதியியல் படிக்க விரும்பினார். சட்டம் படி என்று வழி காட்டியவர் அவருடைய அத்தா. 1950ல் வழக்கறிஞரானவர் 1989ல் உச்ச நீதிமன்றம் சென்றார். மகளின் அறிவை எடைபோட்டுப் பார்த்து, இன்னும் பெரிய வாசலைக் காட்டிய தகப்பன் அவர். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ருஃபைதா (ரளி) என்ற பெண்மணி, காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அரபிக் கல்லூரியில் ஓதியவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளை இன்ஜினியரிங், சேட்டை செய்யும் பிள்ளை ஹிஃப்ளு மதரஸா என்று பிரிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மார்க்கக் கல்வியும் ஃபர்ளு கிஃபாயாதான். ஜைது பின் தாபித் (ரளி) போன்ற கூர்மையான பிள்ளைகள் தேவைப்படும் துறை அது. விருப்பமில்லாத பிள்ளையைத் தண்டனையாக அங்கே தள்ளுவதும் தவறு, விருப்பமுள்ள பிள்ளையை "ஹஜ்ரத்தா போனா சம்பளம் என்ன வரும்?" என்று தடுப்பதும் தவறு.

முடிவெடுக்கும் முன்

பிள்ளையும் பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்து நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது, இந்தத் தொழில் ஹலாலா? வட்டி, மது, ஏமாற்று கலந்திருந்தால் எவ்வளவு ஆசை இருந்தாலும், எத்தனை பேருக்கு வேலை கொடுத்தாலும் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. இரண்டாவது, இதற்குரிய திறமையும் பொறுமையும் எனக்கு உண்டா? மூன்றாவது, நான் இந்த வேலையைச் செய்வதால் யாருடைய சிரமம் குறையும்? பெயர் சொல்லக்கூடிய அளவுக்குத் தெளிவாக யோசியுங்கள். நான்காவது, என்னை நம்பியிருக்கும் குடும்பத்தின் ஹக்கு இதில் நிறைவேறுமா?

நான்குக்கும் ஒரே நேரத்தில் முழு விடை கிடைக்காமல் போகலாம். அப்போது ஹலாலையும் குடும்பத்தின் ஹக்கையும் விட்டுவிடாமல், மற்ற இரண்டையும் படிப்படியாகத் தேடுங்கள். பகலில் கம்பெனி வேலை பார்க்கும் ஓர் இளைஞர், மாலையில் மஹல்லாப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தால் அதுவும் ஃபர்ளு கிஃபாயாவில் ஒரு பங்குதான்.

பிறகு அந்தத் துறையில் இருப்பவர்களிடம் மஷூரா செய்யுங்கள். இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுங்கள். குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுத் தருவதுபோல இஸ்திகாராவை நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததாக ஜாபிர் (ரளி) அவர்கள் சொல்கிறார்கள். கனவு வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. விசாரித்து, யோசித்து, அல்லாஹ்விடம் ஒப்படைத்து அடி எடுத்து வையுங்கள். நல்லதானால் அவன் எளிதாக்குவான், இல்லையென்றால் திருப்பிவிடுவான்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தக் கோடையிலேயே நம் மஹல்லாவில் யார் யார் என்ன படிக்கிறார்கள், எந்தத் துறையில் ஆளே இல்லை என்று கணக்கெடுங்கள். ஆளில்லாத துறைக்குப் போகத் திறமையும் விருப்பமும் உள்ள ஒரு பிள்ளை இருந்து, பணம் மட்டும் தடையாக இருந்தால், பைத்துல்மாலிலிருந்து அந்தப் பிள்ளைக்குக் கை கொடுங்கள். கலாம் அவர்களுக்கு ஓர் அக்காவின் நகை கிடைத்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஓர் அக்கா இருக்க மாட்டார். அந்த இடத்தில் ஜமாஅத் நிற்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு நீ கொடுத்திருக்கும் திறமையை அடையாளம் காணும் கண்களை எங்களுக்குத் தருவாயாக. ஹலாலான, பரக்கத்தான, மக்களுக்குப் பயன் தரும் தொழிலில் அவர்களை அமர்த்துவாயாக. விரும்பிய வாசல் அடைபட்டு வாடி நிற்கும் பிள்ளைகளுக்கு ஆறுதலையும் அதைவிடச் சிறந்த வாசலையும் தருவாயாக. குடும்பத்துக்காகத் தூர தேசத்தில் உழைக்கும் எங்கள் சகோதரர்களைப் பாதுகாப்பாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.